பழைய பாய்மரப் படகும் ஃப்ரிட்ஜும்

கடலே கண்ணுக்குத் தெரியாத ஜவ்வாது மலையில உக்காந்துக்கிட்டு பாய்மரப் படகைப் பத்தி எழுதறானேன்னு சிரிக்காதீங்க மக்களே. எங்க ஊர்ல படகுன்னா ஜமுனாமரத்தூர் கோமுட்டேரியில மிதிக்கிற படகுதான், ஒத்துக்கறேன் :-)

விஷயம் இதுதான். சென்னையில இருக்கற நண்பர்களோட பங்கு போட்டு, கரையோரமா ஓட்ட பழைய படகு ஒண்ணு வாங்கலாம்னு பேச்சு. என் பங்குக்கு ரெண்டு வருஷ சேமிப்பு காலி. விளம்பரத்தைப் பார்த்தா ஜிபிஎஸ் திரை, ஆட்டோபைலட், ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ், ஸ்டீரியோன்னு ஒரே பட்டியல். பாய் எத்தனை வருஷம் பழசு? மூச்!

என் கருத்து, அந்தப் பட்டியலுக்கு அஞ்சு பைசா கூட அதிகம் தரக்கூடாது. பொட்டி தட்டறவன் சொல்றேன், பழைய ஜிபிஎஸ் திரைக்கு வரைபட அப்டேட் கிடைக்கறதே குதிரைக்கொம்பு. உப்புக்காத்து வேற. கையில பிடிக்கற ஜிபிஎஸ் புதுசாவே வாங்கிக்கலாம். ஆனா பாய்மரத்தைப் பிடிச்சு நிறுத்தற எஃகுக் கம்பிகளுக்கு ஆயுசு பத்து, பதினஞ்சு வருஷம்தான். ஒண்ணு அறுந்தா மரமே சாயலாம். அடியில கடல்தண்ணி வர்ற குழாய்களோட வால்வு அரிச்சுப்போனா படகே முழுகிடும். இதையெல்லாம் யாரும் ஃபோட்டோ எடுத்துப் போடறதில்லை.

அபிலாஷ் டோமியைப் பாருங்க. 2022ல கிளம்பின கோல்டன் குளோப் போட்டியில தனி ஆளா உலகத்தைச் சுத்தினார். 1988க்கு முந்தைய வடிவமைப்புப் படகுதான் வேணும், ஜிபிஎஸ் கூடாதுங்கறது விதி. அவரோடது 36 அடி ரஸ்ட்லர். காவலூர் வைனு பாப்பு தொலைநோக்கி பார்க்கற அதே வானம்தான் அவருக்கு வழிகாட்டி. சூரியனையும் நட்சத்திரங்களையும் செக்ஸ்டன்ட்ல அளந்துதான் இடம் கண்டுபிடிக்கணும். சுக்கானைப் பிடிக்கறது கரண்ட் இல்லாம காத்துல ஓடற கருவி. அது உடைஞ்சப்போ கழிப்பறைக் கதவை அறுத்துச் சரிபண்ணினார்! 236 நாள்ல, 2023 ஏப்ரல் கடைசியில, ரெண்டாவதா வந்தார். அந்தக் கதவை எந்த விளம்பரத்துல வசதின்னு போட்டிருப்பாங்க?

'அவர் உலகம் சுத்தினார், நீ மகாபலிபுரம் வரைக்கும்தானே போகப்போறே'ன்னு கேப்பீங்க. நியாயம்தான். ஆனா நம்ம சோழமண்டலக் கரையில, காத்து மாறினா ஓடி ஒதுங்க இயற்கைத் துறைமுகம் அவ்வளவா கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில புயல் வேற. அதனால டீசல் இன்ஜின், விஎச்எஃப் ரேடியோ, கையால தண்ணி இறைக்கற பம்ப், இது மூணுக்கும் காசு கொடுக்கலாம். ஆட்டோபைலட் இருந்தா சந்தோஷம், அவ்வளவுதான்.

படகைத் தண்ணியில இருந்து தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டணும், கம்பி கடைசியா எப்ப மாத்தினதுன்னு ரசீது வேணும்னு நண்பர்கள்கிட்ட சொல்லிட்டேன். விக்கறவர் சம்மதிக்கலைன்னா என் பங்கு கிடையாது. மைக்ரோவேவை அவரே வெச்சுக்கட்டும்.