பழைய காரின் விலையும் அறியாமையின் விலையும்

மும்பையின் கிழக்கு விளிம்பில், டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கு அருகில் இருக்கிறது சீத்தா கேம்ப். நெருக்கடிநிலைக் காலத்தில், 1976ஆம் ஆண்டில், ஜனதா காலனி இடிக்கப்பட்டபோது அங்கிருந்த மக்கள் இவ்விடத்துக்குக் கொண்டுவந்து விடப்பட்டனர். அவர்களுள் தமிழர் கணிசமானோர். ரயிலைப் பிடிக்க இன்றும் மான்குர்துக்கோ கோவண்டிக்கோ பேருந்திலோ ஷேர் ஆட்டோவிலோ செல்ல வேண்டும். இத்தகைய குடியிருப்பில் கார் பெரும்பாலும் பெருமைக்காக வாங்கப்படுவதில்லை. வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பதற்கான முதலீடாகவோ, முதியோரையும் நோயாளரையும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் தேவைக்காகவோ வாங்கப்படுகிறது. வாங்கப்படுவதும் பழைய காராகவே இருக்கும்.

பழைய கார்களின் விலை ஏறியிருக்கும் காலத்தில் வழங்கப்படும் அறிவுரை ஒன்று உண்டு: ‘பொறுமையாகத் தேடினால் நல்ல வண்டி கிடைக்கும்.’ தேடுவதற்கு நேரமும், பார்த்தறியும் அறிவும், காத்திருக்கும் வசதியும் எல்லாரிடமும் சமமாக இருப்பதாக இவ்வறிவுரை கருதிக்கொள்கிறது. அவை சமமாக இல்லை என்பதே இச்சந்தையின் அடிப்படைச் சிக்கல்.

விலை ஏறியதற்கான காரணங்கள் வெளிப்படையானவை. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 மாசு விதி நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் பெருந்தொற்று பரவியது; பொதுப் போக்குவரத்தைத் தவிர்க்க விரும்பியோர் சொந்த வண்டியை நாடினர். 2021இல் குறைக்கடத்திச் சில்லுகளின் தட்டுப்பாட்டால் புதிய கார்களுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. இவற்றினும் ஆழமான காரணம் மலிவான சிறிய கார்கள் ஒவ்வொன்றாக மறைந்ததாகும். மாருதி 800 2014இலும், டாட்டா நானோ 2018இலும், சான்ட்ரோ 2022இலும், ஆல்டோ 800 2023இலும் உற்பத்தியிலிருந்து விலகின. இன்று விற்கப்படாத புதிய சிறிய கார், ஐந்தாண்டுக்குப் பின் பழைய காராகவும் கிடைக்காது. சந்தையின் அடித்தட்டு இவ்வாறுதான் காலியாகிறது.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதன்மேல் இருந்த கூடுதல் தீர்வையும் நீங்கியது. புதிய காரின் விலை இறங்கினால் பழைய காரின் விலையும் இறங்குவதே முறை. ஆயினும் முந்தைய விலையை நினைவில் வைத்துப் பேரம் பேசும் விற்பனையாளர்கள் குறைவல்லர். எனவே பழைய காரை மதிப்பிடுவோர் அதே வகைப் புதிய காரின் இன்றைய விலையிலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும்.

பொருளியலில் இச்சந்தை புகழ்பெற்ற ஓர் எடுத்துக்காட்டு. ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் வெளியிட்ட கட்டுரை பழைய கார்களையே எடுத்துக்கொண்டது. மூன்று ஆய்விதழ்கள் திருப்பியனுப்பிய அக்கட்டுரை, 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமாயிற்று. காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாக் கார்களுக்கும் சராசரி மதிப்பையே தர முன்வருகிறார். அந்த விலைக்கு நல்ல காரை விற்க உரிமையாளர் மறுக்கிறார். நல்லவை விலக, தீயவை தங்குகின்றன. இந்தியாவில் ஓராண்டு தங்கியிருந்த அகர்லாஃப், அரிசியில் அதே நிறக் கல்லைக் கலந்து விற்பதையும், அதை இல்லத்தரசிகள் பொறுக்கியெடுப்பதையும் அக்கட்டுரையிலேயே குறிப்பிடுகிறார். முறமும் கண்ணும் உள்ளவருக்கு அரிசியில் கல் தெரியும். காரில் உள்ள கல்லைப் பொறுக்கும் முறம் யாரிடம் இருக்கிறது?

விற்பனை விளம்பரங்களின் மொழி இவ்விடத்தில் ஆராயத்தக்கது. ‘சிங்கிள் ஓனர்’, ‘டாக்டர் ஓட்டிய வண்டி’, ‘ஒரு ரூபாய் செலவில்லை’, ‘இன்சூரன்ஸ் கரன்ட்’ என்னும் தொடர்கள் தமிழ் விளம்பரங்களில் நிலைத்துவிட்டன. இவற்றுள் முதலாவதும் நான்காவதும் ஆவணத்தால் சரிபார்க்கத்தக்கவை. ‘ஒரு ரூபாய் செலவில்லை’ என்பது பொய்யென நிறுவ இயலாத கூற்று; மறுநாள் பழுதானால் ‘நேற்றுவரை நன்றாக ஓடியது’ என்ற விடை காத்திருக்கும். உரையாடலில் தேவையான அளவுக்குச் செய்தி தரப்படும் என்று கேட்பவர் எதிர்பார்க்கிறார் என்றார் மொழி மெய்யியலாளர் பால் கிரைஸ். அந்த எதிர்பார்ப்பின்படி, ‘என்ஜின் அருமை’ என்று மட்டும் எழுதியிருந்தால் கியர்பாக்ஸைப் பற்றிக் கேட்க வேண்டும். ‘செகண்ட் ஹேண்ட்’ என்ற பெயர் மறைந்து ‘ப்ரீ-ஓன்ட்’, ‘சர்டிஃபைட்’ என்னும் பெயர்கள் வந்ததையும் இவ்வாறே நோக்க வேண்டும். சான்றளித்தவர் யார், எதற்குச் சான்றளித்தார், தவறினால் பணம் திரும்புமா என்ற மூன்று வினாக்களுக்கும் விடையில்லாத சான்றிதழ் வெறும் அடைமொழியே.

சரிபார்க்கத்தக்கவை எவை? முதலாவது, காப்பீட்டுத் துறையின் தேய்மான அட்டவணை. காரின் வயது ஓராண்டைக் கடந்து இரண்டாண்டுக்குள் இருந்தால் 20 விழுக்காடும், மூன்றாண்டுக்குள் 30, நான்காண்டுக்குள் 40, ஐந்தாண்டுக்குள் 50 விழுக்காடும் கழித்துக் காப்பீட்டு மதிப்பு கணக்கிடப்படுகிறது. இன்று 7 லட்சம் ரூபாய் விலையுள்ள காரின் நாலரை ஆண்டுப் பழைய பிரதிக்கு இவ்வட்டவணைப்படி மதிப்பு 3.5 லட்சம். விற்பவர் 5 லட்சம் கேட்டால், இடையிலுள்ள 1.5 லட்சம் எதற்காக என்பதை அவர் விளக்க வேண்டும். சந்தை விலை அட்டவணையைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பது இயல்பே. ஆயினும் பேரத்தைத் தொடங்க ஓர் எண் வேண்டும். அது விற்பவர் சொல்லும் எண்ணாக இருக்கக் கூடாது.

இரண்டாவது, எஞ்சிய ஆயுள். மும்பையில் டாக்சிக்கு வயது வரம்பு 20 ஆண்டு. 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் அலுவலகத்தில் பதிவான கடைசி பிரீமியர் பத்மினி டாக்சி, 2023 அக்டோபரில் அவ்வரம்பை எட்டிச் சாலையிலிருந்து விலகியது. நகரம் அதை நினைவேக்கத்தோடு வழியனுப்பியது. தொழிலுக்காக வண்டி வாங்குபவருக்கோ அதில் ஒரு கணக்கும் இருக்கிறது: விலையை, சட்டம் அனுமதிக்கும் எஞ்சிய ஆண்டுகளால் வகுக்க வேண்டும். 12 ஆண்டு ஓடிய டாக்சியை 1.6 லட்சத்துக்கு வாங்கினால் ஆண்டுக்கு 20,000 ரூபாய். 16 ஆண்டு ஓடியதை 1 லட்சத்துக்கு வாங்கினால் ஆண்டுக்கு 25,000 ரூபாய். மலிவாகத் தோன்றியது விலையுயர்ந்ததாகிறது. பழுதுச் செலவு இதில் இன்னும் சேரவில்லை.

மூன்றாவது, வண்டியின் உடல். மும்பையில் சி.என்.ஜி. கார்கள் மிகுதி, அதன் உருளையை மூன்றாண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். அச்சான்று இல்லையெனில் அச்செலவை விலையில் கழிக்க வேண்டும். அடுத்தது வெள்ளம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பதிவான நகரம் இது. 2015 டிசம்பரில் சென்னையும் மூழ்கியது. நீரில் நின்ற வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு வேறு ஊரில் மீண்டும் விற்பனைக்கு வருவதுண்டு. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்தால் அடிப்பகுதியில் சேற்றுக் கறை தெரியும். இருக்கையின் கீழுள்ள தண்டவாளத்தில் துருவும், ஸ்டெப்னிக் குழியில் மண்ணும், தரைவிரிப்பின் அடியில் ஈர நாற்றமும் வண்டியின் வரலாற்றைச் சொல்லிவிடும்.

இத்தனையும் அறிந்தவர் சீத்தா கேம்ப்பில் இல்லாமலில்லை. குர்லா சி.எஸ்.டி. சாலையின் உதிரிபாகக் கடைகளிலும் செம்பூர், கோவண்டிப் பட்டறைகளிலும் உழைத்த கைகளிடம் அவ்வறிவு இருக்கிறது. தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துச் செல்வதே ஏழை வாங்குபவரின் ஒரே காப்பீடு. ஆனால் அம்மெக்கானிக்குக்கு விற்பவரிடமிருந்தும் தரகு கிடைக்கும் நிலை வந்தால் அந்தக் காப்பீடும் போய்விடும். அவருடைய கூலியை வாங்குபவரே முன்கூட்டிப் பேசிக் கொடுப்பது எல்லாவற்றிலும் சிறந்த செலவு.

காரின் விலையை அறிந்த பின்னும் பணத்தின் விலை எஞ்சுகிறது. பழைய காருக்கான கடன் வட்டி புதிய காருக்கானதைவிடக் கூடுதல். ஓர் எடுத்துக்காட்டு: 5 லட்சம் ரூபாயை 15 விழுக்காடு வட்டிக்கு ஐந்தாண்டுத் தவணையில் பெற்றதாகக் கொள்க, மாதத் தவணை ஏறத்தாழ 11,900 ரூபாய். 7 லட்சத்தை 9 விழுக்காட்டுக்கு ஏழாண்டுத் தவணையில் பெற்றால் ஏறத்தாழ 11,260 ரூபாய். மொத்தத்தில் பின்னதே அதிகம் என்றாலும், மாதந்தோறும் பழைய காருக்குக் கட்டுவது புதிய காருக்குக் கட்டுவதைவிடக் கூடுதல். மாத வருமானச் சான்றும், சொந்தப் பெயரில் வீட்டுப் பத்திரமும் இல்லாதவருக்கு 9 விழுக்காட்டுக் கதவு பெரும்பாலும் திறப்பதில்லை. வசதியற்றவர் குறைந்த பொருளுக்குக் கூடுதல் விலை கொடுக்கும் இந்நிலை, அவர் பேரம் பேசத் தெரியாததால் விளைந்ததன்று.

விற்பவரும் இச்சந்தையில் ஏமாறுவதுண்டு. வண்டி கைமாறிய பின்னும் பதிவு மாற்றப்படாவிட்டால், விபத்துக்கான இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் உள்ள உரிமையாளருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. 29, 30ஆம் படிவங்களில் கையெழுத்திட்டுத் தரகரிடம் கொடுத்துவிட்டு மறந்துவிடுவது ஆபத்தானது. வாங்குபவர் தம் பங்குக்கு, கடன் நிலுவை நீக்கப்பட்டதற்கான 35ஆம் படிவம் கைக்கு வரும்வரை முழுத் தொகையையும் தரலாகாது.

தனிமனித எச்சரிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. பதிவு எண்ணைக் கொண்டு பதிவு நாள், எரிபொருள், காப்பீட்டுக் காலம் முதலியவற்றை அரசின் செயலியில் இன்று பார்க்க முடிகிறது. விபத்துக் காப்பீட்டுக் கோரிக்கையும், முழுச் சேதமென ஒதுக்கப்பட்ட வரலாறும், ஒவ்வொரு சர்வீஸின்போதும் குறிக்கப்பட்ட கிலோமீட்டரும் நிறுவனங்களின் கணினிகளில் தனித்தனியே கிடக்கின்றன. உரிமையாளரின் பெயரை மறைத்துவிட்டு இம்மூன்றையும் பதிவு எண்ணோடு இணைத்துக் காட்டுவது தொழில்நுட்ப அளவில் கடினமன்று. 2023 ஏப்ரல் முதல் பழைய கார் வணிகர்கள் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி இருக்கிறது. 2024 டிசம்பரில் அவர்களின் இலாபத்தின் மீதான வரியை எல்லா வகைக் கார்களுக்கும் 18 விழுக்காடாக்க முடிவெடுக்கப்பட்டது. வரி பெறும் அரசு, வாங்குபவருக்குத் தகவலையும் பெற்றுத்தரக் கடமைப்பட்டது.

சீத்தா கேம்ப்புக்கு அருகிலேயே, தேவனாரில், டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் இருக்கிறது. இவ்வட்டாரத்தின் குடிநீரும் கழிப்பறையும் கல்வியும் ஆய்வுக்குரியவை என்பதில் ஐயமில்லை. ஒரு குடும்பத்தின் ஆண்டுக்கணக்கான சேமிப்பு ஒரே பிற்பகலில் கைமாறும் இந்தச் சந்தையும் அவ்வரிசையில் இடம்பெற வேண்டும். எந்த வட்டிக்குக் கடன் கிடைத்தது, வாங்கிய எத்தனை மாதத்தில் முதல் பழுது வந்தது, பதிவு மாற்றத்துக்கு எத்தனை நாள் ஆயிற்று என்ற மூன்று வினாக்களோடு நூறு வீடுகளுக்குச் சென்று திரட்டும் விடைகள், தகவலை வெளியிடுமாறு அரசைக் கேட்பதற்கான ஆதாரமாகும்.