சுருக்கம் வேண்டும்; விளக்கமும் வேண்டும்

காலையில் கண் விழித்தது முதல் இரவு உறங்கும் வரை எத்தனை ஆங்கிலச் சுருக்கங்களை நாம் சொல்கிறோம் என்று என்றாவது எண்ணிப் பார்த்ததுண்டா? மணி ‘எட்டு ஏ.எம்.’ என்கிறோம். அப்பா ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கிறார். அம்மா கைப்பேசிக்குப் புது சிம் வாங்குகிறார். அடுத்த பாடவேளை பி.டி. என்றால் நாம் துள்ளிக் குதிக்கிறோம். ஆனால் இவற்றின் விரிவு என்ன என்று யாரேனும் கேட்டுவிட்டால், நம்மில் பலர் மேலும் கீழும் பார்ப்போம்!

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் நடந்தது இது. கிராமத்துத் தமிழ்வழிப் பள்ளியிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த தோழி ஒருத்தி, காலாண்டுத் தேர்வில் வினாத்தாளின் முதல் பக்கத்துக்கு மட்டும் விடை எழுதிவிட்டு, முக்கால் மணி நேரம் மீதியிருக்கக் கைகட்டி அமர்ந்திருந்தாள். தாளின் அடியில் ‘பி.டி.ஓ.’ என்று அச்சிட்டிருந்தது. ‘ப்ளீஸ் டர்ன் ஓவர்’, அதாவது ‘பக்கத்தைத் திருப்புக’ என்பது அதன் பொருள். அவளோ, அது வினாத்தாள் தயாரித்த ஆசிரியையின் இனிஷியல் என்று எண்ணிக்கொண்டாள். மறுபக்கத்து நாற்பது மதிப்பெண்ணும் போயிற்று. காரணம் தெரிந்தபோது நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை, அன்று மதிய உணவையும் உண்ணவில்லை.

அந்தச் சிரிப்பை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறோம். எங்களில் யாரேனும் பி.டி.ஓ.வின் பொருளைத் தெரிந்துகொண்டா பிறந்தோம்? எங்களுக்கு யாரோ ஒருவர் சொல்லித் தந்தார். அவளுக்குச் சொல்லித் தர ஒருவருமில்லை. அவ்வளவே வேற்றுமை. சுருக்கம் என்பது தெரிந்தவர்க்குக் குறுக்கு வழி. தெரியாதவர்க்கோ பூட்டிய கதவு.

சுருக்கமே தீது என்று நாம் சொல்லவில்லை. நம் தாய்மொழியிலும் கி.மு., கி.பி. உண்டு. உ.வே.சா. என்றால் தமிழ்த் தாத்தாவை அறியாதார் யார்? ஆங்கிலத்தில் சிலவற்றை எழுத்து எழுத்தாகச் சொல்கிறோம். சிலவற்றைச் சொல்லாகவே ஒலிக்கிறோம். ‘ரேடார்’ என்பது ‘ரேடியோ டிடெக்‌ஷன் அண்ட் ரேஞ்சிங்’ என்பதன் சுருக்கம். 1940-இல் அமெரிக்கக் கடற்படையில் பிறந்த சொல் அது. இன்று அதைச் சுருக்கம் என்றே எவரும் நினைப்பதில்லை. ஏ.எம்., பி.எம். என்பவையோ இலத்தீன், நண்பகலுக்கு முன், நண்பகலுக்குப் பின் என்று பொருள்படும்.

விரிவு தெரியாதபோது நாமே ஒரு விரிவைக் கற்பித்துக்கொள்வதும் உண்டு. ஏ.டி. என்பதை ‘ஆஃப்டர் டெத்’, அதாவது கிறிஸ்து இறந்த பின், என்று விரிப்பவர் நம்மிடையே பலர். அப்படியானால் ஆண்டவர் இம்மண்ணில் வாழ்ந்த ஆண்டுகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அது ‘ஆன்னோ தோமினி’ என்ற இலத்தீன் தொடர். ‘ஆண்டவருடைய ஆண்டில்’ என்பது பொருள். அவ்வாறே எஸ்.ஓ.எஸ். என்பது ‘எங்கள் ஆன்மாக்களைக் காப்பாற்றுங்கள்’ என்பதன் சுருக்கம் என்பார்கள். உண்மையில் அதற்கு விரிவே இல்லை! மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என்று தந்தியில் எளிதாகக் காதில் விழும் என்பதால், 1906-இல் பெர்லின் மாநாட்டில் கப்பல்களின் அபாய அறிவிப்பாக அது ஏற்கப்பட்டது. விரிவு பிறகு சேர்ந்தது.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் டி.டி.எஸ். என்றால் நாளுக்கு மூன்று வேளை. அப்பாவின் சம்பளச் சீட்டில் அதே டி.டி.எஸ். என்றால் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளும் வருமான வரி. எழுத்து ஒன்றே, இடம் மாறினால் பொருளும் மாறுகிறது.

ஆனால் எல்லாம் வேடிக்கையோடு முடிவதில்லை. ‘யூனிட்’ என்பதற்கு ஆங்கில ‘யூ’ என்ற ஓர் எழுத்தை மட்டும் எழுதினால், அது பூஜ்யம் போலத் தோன்றும். பத்து யூனிட் இன்சுலின் நூறாகிவிடலாம். அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் கூட்டு ஆணையம், எழுதவே கூடாத சுருக்கங்கள் என்று 2004-ஆம் ஆண்டில் ஒரு பட்டியல் வெளியிட்டது. அந்த ‘யூ’வும் அதில் உண்டு. கற்றறிந்த மருத்துவர்க்கும் செவிலியர்க்குமே முழுச்சொல் தேவைப்படுகிறது என்றால், மற்றவர்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

நம் வீட்டுக்கே வருவோம். “வங்கியிலிருந்து பேசுகிறோம். உங்கள் கே.ஒய்.சி. முடிந்துவிட்டது. உடனே ஓ.டி.பி.யைச் சொல்லுங்கள்” என்று ஒரு குரல் வருகிறது. அந்த ஆறு எழுத்துகளின் பொருள் தெரியாததாலேயே நம் பாட்டி அஞ்சுகிறார், அஞ்சுவதாலேயே சொல்லிவிடுகிறார். கே.ஒய்.சி. என்பது, வாடிக்கையாளர் இன்னார்தான் என்று வங்கி உறுதி செய்துகொள்ளும் நடைமுறை. ஓ.டி.பி. என்பது ஒரே ஒரு முறை செல்லும் இரகசியச் சொல். அதை எந்த வங்கியும் தொலைபேசியில் கேட்பதில்லை. “பெட்டிச் சாவியைக் கொடு” என்று முன்பின் தெரியாதவன் கேட்டால் பாட்டி கொடுப்பாரா? ஓ.டி.பி.யும் சாவிதான் என்று அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் யார்? ஆங்கிலம் படிக்கும் பேத்திகளாகிய நாம் அன்றோ?

ஆகவே மூன்று விண்ணப்பங்கள்.

மாணவியரே! தெரியாத சுருக்கம் கண்டால் உடனே கேளுங்கள். ‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’ என்பது பழமொழி. கேட்பவளைக் கண்டு சிரிக்காதீர்கள்.

பெற்றோரே! பொருள் விளங்காத எழுத்துகள் உள்ள படிவத்தில் கையெழுத்திட வேண்டாம். ‘இது என்ன?’ என்று கேட்பதில் இழுக்கு ஏதுமில்லை. எழுதியவர் விளக்கக் கடமைப்பட்டவர்.

எங்கள் மதிப்பிற்குரிய அருட்சகோதரியரையும் ஆசிரியைகளையும் பணிவன்புடன் ஒன்று வேண்டுகிறோம். சுற்றறிக்கையில் ‘பி.டி.ஏ.’ என்று எழுதும் முன், ஒரு முறையேனும் ‘பெற்றோர் ஆசிரியர் கழகம்’ என்று முழுமையாக எழுதுங்கள். வினாத்தாளின் அடியிலும் ‘பக்கத்தைத் திருப்புக’ என்றே அச்சிடுங்கள். மை சிறிது கூடுதலாகச் செலவாகும். ஆனால் ஒரு பிள்ளையின் நாற்பது மதிப்பெண் காப்பாற்றப்படும்.

இவ்வாண்டு எங்கள் வகுப்பில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். புதிய சுருக்கம் ஒன்றைக் காண்பவர், அதன் விரிவையும் பொருளையும் கேட்டறிந்து அதில் எழுதவேண்டும். இதுவரை நூற்றுக்கு மேல் சேர்ந்துவிட்டன. முதல் பக்கத்தின் முதல் வரியில் உள்ளது பி.டி.ஓ. அதைத் தன் கையாலேயே எழுதியவள் அந்தத் தோழிதான். எழுதி முடித்ததும் அவள் சிரித்தாள். இம்முறை நாங்களும் அவளோடு சேர்ந்து சிரித்தோம்.