சத்தம் வேறு, பலம் வேறு

2008 செப்டம்பர் 12 அன்று மெட்டாலிகாவின் ஒன்பதாவது ஸ்டுடியோ ஆல்பமான 'டெத் மேக்னெட்டிக்' வெளியானது. நான் அப்போது எஞ்சினியரிங் மூன்றாம் ஆண்டு. எங்கள் ஹாஸ்டல் மாடியில் உருப்படியான ஸ்பீக்கர் செட் இருந்த ஒரே அறை எங்களுடையது. ஏழெட்டுப் பேர் கட்டில்களில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து கேட்டோம். (நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், திருட்டு எம்பி3தான்.) மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவன் எழுந்துபோய் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி மறுபடி சொருகினான். "மச்சான், கோன் கிழிஞ்சிருச்சுடா, கரகரங்குது" என்றான்.

மறுநாள் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் தன்னிடமிருந்த ஒரு பழைய சினிமாப் பாட்டு சிடியைப் போட்டுக் கேட்டார். "தம்பி, ஸ்பீக்கர் தங்கமா இருக்கு. நீங்க போடுற பாட்டுலதான் கோளாறு" என்று சொல்லி, காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்தார். சரி, திருட்டுக் காப்பிக்கு இதுதான் தண்டனை என்று நினைத்து, இரண்டு மாதம் கையைக் கட்டி ஒரிஜினல் சிடி வாங்கினேன். அதிலும் அதே கரகரப்பு. கடைக்காரர் சொன்னதுதான் உண்மை. கோளாறு பாட்டில்தான் இருந்தது.

இத்தனை வருடம் கழித்து இதை ஏன் எழுதுகிறேன்? இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நண்பர்கள் மூன்று சமாதானங்கள் சொல்கிறார்கள். மெட்டல் என்றால் சத்தம்தானே என்பது ஒன்று. தப்பு மாஸ்டரிங் செய்தவருடையது என்பது இரண்டு. விற்றதே, அப்புறம் என்ன என்பது மூன்று. மூன்றும் தவறு. மூன்றாவது தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

முதலில் பின்னணி. 2001 ஜனவரியில் பேஸ் வாசித்த ஜேசன் நியூஸ்டெட் விலகினார். அதே வருடம் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் குடிநோய் சிகிச்சைக்குப் போனார். குழுவை ஒட்டவைக்க மாதம் 40,000 டாலர் சம்பளத்தில் ஓர் உளவியல் பயிற்சியாளரை அமர்த்தினார்கள். அந்தக் கூத்து முழுவதும் 'சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்' என்ற ஆவணப்படத்தில் பதிவாகியிருக்கிறது. அந்தக் காலத்தில் உருவாகி 2003-இல் வெளியான 'செயின்ட் ஆங்கர்' ஆல்பத்தில் ஒரு கிதார் சோலோகூடக் கிடையாது. டிரம்ஸின் ஸ்னேர், தகர டப்பாவைத் தட்டுவதுபோல் இருக்கும். ரசிகர்கள் நொந்துபோனார்கள்.

ஆகவே 'டெத் மேக்னெட்டிக்' ஒரு மீட்பு முயற்சி. 1991-இலிருந்து கூடவே இருந்த தயாரிப்பாளர் பாப் ராக் போய், ரிக் ரூபின் வந்தார். 1986-இல் ஸ்லேயரின் 'ரெயின் இன் பிளட்' ஆல்பத்தைத் தயாரித்தவர். அவர் இவர்களிடம் கேட்டது எளிமையானது: நீங்கள் மெட்டாலிகா என்பதை மறந்துவிடுங்கள், இன்னும் பேர் வாங்காத ஒரு பேண்டாக நினைத்துக்கொண்டு எழுதுங்கள், 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' எழுதிய நாட்களில் எப்படி யோசித்தீர்களோ அப்படி யோசியுங்கள். ஸ்டுடியோவில் உட்கார்ந்து துண்டு துண்டாக ஒட்டுவது கூடாது, பாட்டு முழுசாகக் கையில் ஏறிய பிறகே பதிவு என்றார். பலன் கிடைத்தது. கிர்க் ஹாமெட்டின் சோலோக்கள் திரும்பி வந்தன. ராபர்ட் ட்ருஹியோ பேஸ் வாசித்த முதல் ஸ்டுடியோ ஆல்பம் இது. 10 பாட்டு, ஏறக்குறைய 75 நிமிடம். ஒன்றுகூட ஐந்து நிமிடத்துக்குக் கீழே இல்லை. நாற்பத்தைந்து வயதை ஒட்டிய நான்கு மனிதர்கள் தங்கள் வாழ்க்கையில் விட்ட இடத்தை உண்மையாகவே தேடிப் பிடித்திருந்தார்கள். எனக்கு வயிறு எரிவதே அதனால்தான். வாசிப்பு மோசமாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியமில்லை.

இனி கோளாறு என்ன என்று பார்ப்போம். ஒரு சிடியில் ஒலி எண்களாக இருக்கிறது. நொடிக்கு 44,100 முறை அளவெடுத்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளில் ஒன்றாகக் குறிக்கிறார்கள். கடைசிப் படிக்கு மேலே எதுவும் கிடையாது. மொட்டைமாடி மாதிரி, அதற்கப்புறம் ஏற முடியாது. இப்போது பாட்டு இன்னும் சத்தமாகக் கேட்க வேண்டுமென்றால் என்ன செய்வது? உயரமான முனைகளை அழுத்திக் கீழே கொண்டுவந்துவிட்டு, மொத்தத்தையும் மேலே தூக்க வேண்டும். இதற்குப் பெயர் கம்ப்ரஷன். அளவோடு செய்தால் நல்ல கருவி. அதற்கும் மேல் பேராசைப்பட்டால் அலையின் தலை மாடியில் முட்டித் தட்டையாகிவிடும். அதுதான் கிளிப்பிங். ஊர்த் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கர் வால்யூமைச் சவுண்டு சர்வீஸ்காரர் கடைசிவரை திருகும்போது எல்.ஆர்.ஈஸ்வரியின் குரல் கிழியுமே, அதே சங்கதி. அங்கே கிழிவது ஆம்ப்ளிஃபயரில். அவரிடம் கெஞ்சினால் குறைப்பார். இங்கே கிழிசலை சிடியிலேயே அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் வால்யூமைக் குறைத்தால் கிழிசல் சின்னதாகக் கேட்கும், அவ்வளவுதான்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? நம் காதின் பலவீனம்தான் காரணம். ஒரே பாட்டை இரண்டு முறை போட்டு, இரண்டாவது முறை துளி சத்தம் கூட்டினால், அதுதான் நன்றாக இருக்கிறது என்போம். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது பேஸ் ஒலியைச் சரியாக வாங்குவதில்லை என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். ரேடியோவில் பக்கத்துப் பாட்டைவிட நம் பாட்டு சத்தமாக இருந்தால் ஜெயித்துவிடலாம் என்ற கணக்கு அங்கிருந்து வந்தது. அவனும் கூட்ட, இவனும் கூட்ட, தொண்ணூறுகளில் தொடங்கி எல்லோரும் மாடியில் தலையை முட்டிக்கொண்டு நின்றார்கள். இதைத்தான் 'லவுட்னெஸ் வார்' என்கிறார்கள்.

இப்போது முதல் சமாதானத்துக்கு வருகிறேன். மெட்டல் என்றால் சத்தம்தானே? இல்லை சார். மெட்டாலிகாவைப் பெரிய பேண்டாக்கியது சத்தமல்ல, சத்தத்துக்கு முன்னால் அவர்கள் வைத்த அமைதி. 1984-இன் 'ஃபேட் டு பிளாக்', 1986-இன் 'சானிட்டேரியம்', 1988-இன் 'ஒன்' மூன்றையும் கேட்டுப் பாருங்கள். சுத்தமான கிதார் ஒலியில் மெல்ல ஆரம்பித்து, படி படியாக ஏறி, கடைசியில் இடி இறங்கும். 'டெத் மேக்னெட்டிக்'கில் 'தி டே தட் நெவர் கம்ஸ்' அதே அச்சில் வார்த்த பாட்டு. ஆனால் அதில் மென்மையான பகுதியே முகத்துக்கு நேராக வந்து நிற்கிறது. இடி இறங்கும்போது மேலே போக இடமில்லை. சத்தம் கூடுவதற்குப் பதில் கரகரப்புதான் கூடுகிறது. வசனம் முழுவதையும் கத்தியே பேசும் நடிகர், உச்சக்காட்சியில் என்ன செய்வார்? அதே கதைதான்.

இரண்டாவது சமாதானம், மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன். சிடி உறையில் அவர் பெயர் இருந்ததால் ரசிகர்கள் அவர்மீது பாய்ந்தார்கள். ஒரு ரசிகருக்கு அவர் எழுதிய பதில் வெளியே கசிந்தது. மிக்ஸிங் முடிந்து தன்னிடம் வரும்போதே ஒலி நசுக்கப்பட்டுத்தான் வந்தது, இதில் தன் பெயர் இருப்பதில் பெருமை இல்லை என்பது அதன் சாரம்.

இதற்கு யாரும் மறுக்க முடியாத சாட்சி ஒன்றும் கிடைத்தது, அதுவும் ஒரு வீடியோ கேமிலிருந்து. ஆல்பம் வெளியான அதே நாளில் 'கிட்டார் ஹீரோ' விளையாட்டிலும் இந்தப் பாடல்கள் வந்தன. அந்த விளையாட்டில் பொம்மை கிதாரின் பொத்தானைத் தவறவிட்டால் கிதார் ஒலி மட்டும் நின்றுபோக வேண்டும். அதனால் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனித் தடமாகக் கொடுத்தாக வேண்டும். அப்படிக் கொடுத்தவை கடைசி நசுக்கலுக்கு முந்தையவை. ரசிகர்கள் அதைப் பதிவுசெய்து சிடியோடு ஒப்பிட்டார்கள். அதே வாசிப்பு, அதே குரல். ஆனால் ஸ்னேர் அடித்தால் அடித்தது கேட்டது. பொம்மை கிதார் வைத்திருந்த பையனுக்கு முழு ஆல்பம் கிடைத்தது; மெஸ் காசை மிச்சம் பிடித்து சிடி வாங்கிய எனக்குச் சப்பையானது கிடைத்தது. மறுபடி மிக்ஸ் செய்து கொடுங்கள் என்று பத்தாயிரம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டும் அந்த சிடிக்கு மாற்று வரவில்லை.

ஜென்சனின் நிலைமை எனக்கு நன்றாகப் புரியும். என் முதல் வேலையில் ஒரு வெப் அப்ளிகேஷன். பக்கம் எத்தனை நொடியில் திறக்கிறது என்ற ஓர் எண்ணை எல்லோரும் பார்க்கும்படி பெரிய திரையில் போட்டிருப்பார்கள். எண் சிவப்பாக இருந்தால் திங்கட்கிழமை மீட்டிங்கில் அர்ச்சனை. கடைசியில் மேலிருந்து ஒரு யோசனை வந்தது: தரவு வருவதற்கு முன்பே 'பக்கம் திறந்தாயிற்று' என்று கணக்குக் காட்டிவிடலாம். செய்தோம். எண் பச்சையானது, மேலிடத்தில் கைதட்டினார்கள். வாடிக்கையாளர் வெறும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரிலீஸ் மெயிலில் இருந்தது என் பெயர், திட்டு வாங்கியதும் நான்தான். யோசனை சொன்னவர் பெயர் எந்த மெயிலிலும் இல்லை. நான் மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை. அந்தக் குற்றவுணர்வும் சேர்ந்துதான் இதை எழுதவைக்கிறது.

அங்கே நொடிக்கணக்கு, இங்கே டெசிபல். அளக்க எளிதானதைப் பிடித்துக்கொண்டு, எதற்காக அளக்கிறோம் என்பதைக் கைவிட்டுவிடுகிறோம். பயந்தவர்கள் செய்யும் வேலை இது. 'செயின்ட் ஆங்கர்' அடி வாங்கியபின், கேட்பவன் ஒரு நொடிகூட கவனம் சிதறிவிடக் கூடாது என்ற பயம். தன் வாசிப்பின்மேல் நம்பிக்கை உள்ளவன் இடைவெளி விடுவான்.

மூன்றாவது சமாதானம்: விற்றதே! விற்றது. அமெரிக்காவில் முதல் மூன்று நாளில் 4,90,000 பிரதிகள்; பில்போர்டு பட்டியலில் முதலிடம். அந்த ஆண்டுப் பணிகளுக்காக 2009-இல் ரூபினுக்குச் சிறந்த தயாரிப்பாளருக்கான கிராமி விருது, அந்தப் பணிகளில் இந்த ஆல்பமும் ஒன்று. டிரம்மர் லார்ஸ் உல்ரிக், என் காரில் போட்டுக் கேட்டேன், பிரமாதமாக இருக்கிறது என்ற ரீதியில் பேட்டி கொடுத்தார். நியாயமாகவே இதை ஒப்புக்கொள்கிறேன்: காரிலும் பஸ்ஸிலும் எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே நசுக்கிய ஒலி எடுபடும். ஆனால் அதற்குத்தான் வால்யூம் குமிழ் என்று ஒன்று இருக்கிறது. அமைதியான அறையில் உட்கார்ந்து கேட்பவனுக்கு, நசுக்கியதைத் திரும்ப விரிக்க எந்தக் குமிழும் கிடையாது.

விற்றதால் சரி என்பது, ஏமாந்தவன் புகார் கொடுக்கவில்லை என்பதால் ஏமாற்றே நடக்கவில்லை என்று சொல்வதைப் போன்றது. எங்கள் மாடியில் ஏழெட்டுப் பேரும் ஸ்பீக்கரைத்தான் சந்தேகப்பட்டோம். இத்தனை பெரிய பேண்ட், இத்தனை பெரிய தயாரிப்பாளர், அவர்கள் தப்பு செய்வார்களா என்று எங்கள் காதை நாங்களே நம்பவில்லை. ஆபத்து என்று நான் சொன்னது இதைத்தான்.

காலம் ஒரு வேடிக்கை செய்தது. இப்போது ஸ்ட்ரீமிங் செயலிகள் எல்லாப் பாடல்களின் சராசரி சத்தத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருகின்றன. ஸ்பாட்டிஃபையில் அது வழக்கமாக மைனஸ் 14 லுஃப்ஸ். நசுக்கிச் சத்தம் ஏற்றிய பாட்டைச் செயலி தானாகக் குறைத்துவிடும். ஆக 1986-இன் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பக்கத்தில் வைத்தால், சத்தத்துக்காக எல்லாவற்றையும் பலிகொடுத்த ஆல்பம் சோனியாக நிற்கிறது. போரில் ஜெயித்தவன் கையில் இப்போது கிழிசல் மட்டும் மிச்சம்.

2011 அக்டோபர் 30 அன்று பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் மெட்டாலிகா வாசித்தபோது கூட்டத்தில் நானும் நின்றேன். மெல்லத் தொடங்கும் பாட்டு ஒன்று வந்தது. கிதாரின் ஒற்றைத் தந்தி ஒலிக்க, அத்தனை பெரிய மைதானம் மூச்சடக்கி நின்றது. பிறகு டிரம்ஸ் இறங்கியது. நெஞ்செலும்பில் வாங்கினேன் அந்த அடியை. அமைதிக்கு என்ன பலம் என்று அந்த நால்வருக்குத் தெரியாமலில்லை. தெரிந்தே அதைச் சிடியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தத் தனித்தனித் தடங்கள் எங்கேயோ ஒரு பெட்டியில் பத்திரமாகத்தான் இருக்கும். திறந்து, மறுபடி மிக்ஸ் செய்து கொடுங்கள். நான் மூன்றாவது முறையும் காசு கொடுக்கத் தயார், திருட்டு எம்பி3-க்கு வைத்திருக்கும் பாக்கியையும் சேர்த்து.