காமிராவும் கரணையும்

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று சொன்ன பெரியவர் யாரோ, குடியிருக்கும் வீட்டை ரிப்பேர் செய்து பார்த்தவர் இல்லை என்பது நிச்சயம். பார்த்திருந்தால் மற்ற இரண்டையும் ஒரு பொருட்டாகவே சொல்லியிருக்க மாட்டார். கூடத்தில் கொத்தனார் சுவரை இடித்துக் கொண்டிருப்பார். பக்கத்து அறையில் நீங்கள் குழந்தையின் டிபன் டப்பாவில் தயிர் சாதம் அடைத்துக் கொண்டிருப்பீர்கள். சாதத்தில் இருப்பது உப்பா, சுவரிலிருந்து உதிர்ந்த காரையா என்று பிரித்துச் சொல்வது சிரமம். இந்தச் சுகத்தை அனுபவித்த சகோதரிகள் நம் வாசகிகளில் நிறையப் பேர் இருப்பீர்கள்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு பெண்மணியை அறிமுகம் செய்து வைக்கப் போகிறேன். பெயர் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லி விட்டார். அவருடன் வேலை செய்யும் மேஸ்திரி அவரைக் கூப்பிடுவது 'போட்டோம்மா' என்று. நாமும் அப்படியே வைத்துக் கொள்வோம். தோளில் காமிரா, கையில் கரணை. இரண்டில் எது அவருடைய தொழில் என்று கேட்டால் சிரிக்கிறார்.

2020-ம் வருஷம் வரையில் அவர் கல்யாணங்களுக்குப் படம் எடுத்தவர். ஊரடங்கு வந்தது. கல்யாணங்கள் கூடத்துக்குள்ளேயே நடந்து, கூடத்துக்குள்ளேயே முடிந்து போயின. படம் எடுக்க ஆளைக் கூப்பிடுவார் இல்லை. திருவல்லிக்கேணியில் அம்மாவோடு பழைய வீட்டில் வந்து உட்கார்ந்து விட்டார். அந்த நவம்பரில் நிவர் புயல் மழை அடித்தது அல்லவா? கூடத்து மச்சு ஒழுக ஆரம்பித்தது. ஒரு குடத்தில் ஆரம்பித்து, இரண்டு அண்டா, ஒரு பக்கெட் என்று பாத்திரங்கள் பெருகின.

அந்த மச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பழைய வீடுகளில் உள்ளதற்கு 'மெட்ராஸ் டெரஸ்' என்று பெயர். முதலில் தேக்குக் கட்டைகளை வரிசையாகச் சுவருக்குச் சுவர் போடுவார்கள். அவற்றின் மேல், சிறிய மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் தோய்த்து, குறுக்குவாட்டில் சாய்வாகக் குத்துக் குத்தாக அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். அந்தத் தளத்தைச் சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாட்கணக்காக அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக் கொண்டே அடிப்பார்கள். அடித்த கட்டை தடம் பதியாமல் துள்ளி எழும்பினால்தான் தளம் இறுகிற்று என்று அர்த்தம். கடைசியில் தட்டோடு. இந்த வேலையில் ஒரு பிடி சிமெண்டு கிடையாது. ஆனாலும் நூறு வருஷம் தாண்டி நிற்கும் மச்சுகளைத் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் இன்றும் பார்க்கலாம்.

மழை விட்டதும் ஓர் இன்ஜினீயர் வந்து அண்ணாந்து பார்த்தார். "கட்டை எல்லாம் போய்விட்டது. இடித்து விட்டுக் கான்கிரீட் போட வேண்டியதுதான்" என்று ஐந்து நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லி விட்டுப் போனார். பெங்களூரிலிருந்து அண்ணா போன் செய்தார். "கான்கிரீட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். பில்டரிடம் கொடுத்து விடலாம். இரண்டு பிளாட் கிடைக்கும்" என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. அண்டாவை எடுத்துப் போய் முற்றத்தில் கொட்டி விட்டு, திரும்ப அதே இடத்தில் கொண்டு வந்து வைத்தாராம்.

அப்பொழுதுதான் போட்டோம்மாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. வேறு வேலையும் இல்லை. கூடத்தில் ஓரிடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, அங்கேயே ஸ்டாண்டை வைத்து, அடுத்த மழை வந்தபோது மணிக்கு ஒரு படமாக எடுத்தார். எல்லாப் படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு சமாசாரம் பளிச்சென்று தெரிந்தது. ஈரம் மச்சின் நடுவிலிருந்து வரவில்லை. வடகிழக்கு மூலையில் சின்ன வட்டமாகப் பிறந்து, மணிக்கு மணி வளர்ந்து, நடுவுக்கு வருகிறது! மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தார். கைப்பிடிச் சுவரில் ஓர் அரசங்கன்று முளைத்து, வேரை மழைநீர்க் குழாய்க்குள் இறக்கி அடைத்துக் கொண்டிருந்தது. போக வழியில்லாத தண்ணீர் சுவருக்குள் இறங்கியிருக்கிறது.

மேஸ்திரியை வைத்து அந்தப் பக்கத்தைக் கொத்திப் பார்த்தபோது, பதினொரு கட்டைகளில் மூன்றுதான் கெட்டிருந்தன. அவையும் சுவருக்குள் புதைந்திருந்த முனை மட்டும். மற்ற இடமெல்லாம் தட்டினால் கணீரென்று கேட்டது. மரம் காற்றுப்படும் இடத்தில் பிழைத்துக் கொள்ளும். ஈரச் சுவருக்குள் மூச்சு முட்டும் முனைதான் முதலில் உளுத்துப் போகும். கெட்ட முனைகளை வெட்டி, இரு பக்கமும் இரும்புச் சானல் கொடுத்து போல்ட் போட்டார்கள். அந்த மூலையில் தளத்தைப் பழைய முறையிலேயே போட்டு அடித்தார்கள். ஆள் போதாததற்குப் போட்டோம்மாவும் கட்டையை எடுத்துக் கொண்டு வரிசையில் உட்கார்ந்து விட்டார். கரணை கைக்கு வந்த கதை இதுதான்.

ஒவ்வொரு நாளும் சாயங்காலம் அன்றைய படங்கள் பெங்களூருக்குப் போகும். கோபமாக ஒரு வார்த்தை, வாதமாக ஒரு வரி கூட எழுதவில்லையாம், வெறும் படங்கள்தான். பத்தாம் நாள் அண்ணாவிடமிருந்து பதில் வந்தது. 'தட்டோட்டுக்குப் பாதிப் பணம் நான் அனுப்புகிறேன்.' இதைக் கேட்டு அண்ணா மனம் மாறி விட்டார் என்று நினைத்து விடாதீர்கள். பில்டருக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்றுதான் இன்றும் சொல்லிக் கொண்டிருக்கிறார். அம்மா அந்தக் கூடத்தில்தான் படுத்துத் தூங்குகிறார்.

படத்தைப் பார்த்துப் பழுது பார்ப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. லின்னேயஸ் டிரைப் என்ற கம்பெனி ராணுவ அதிகாரி 1858-ல் மதுரை திருமலை நாயக்கர் மஹாலைப் படம் எடுத்தார். மெழுகுக் காகித நெகடிவ். அந்தப் படங்களில் மஹால் இருக்கும் கோலத்தைப் பார்த்தால் வயிறு எரியும். பிறகு நேப்பியர் பிரபு கவர்னராக இருந்த காலத்தில் (1866-72) மஹால் புதுப்பிக்கப்பட்டது. எத்தனை இருந்தது, எத்தனை பிறகு சேர்ந்தது என்று பார்க்க இன்று நமக்கு அந்தப் படங்கள் இருக்கின்றன. மஹாலுக்கு ஒரு நியாயம், நம் வீட்டு மச்சுக்கு ஒரு நியாயமா?

திருவல்லிக்கேணி வீட்டுப் படங்களைப் பார்த்து ஒருவர் கூப்பிட, அவரைப் பார்த்து இன்னொருவர் கூப்பிட, போட்டோம்மாவுக்கு இதுவே தொழிலாகி விட்டது. ஆனால் அவர் செய்த ஒரு தப்பையும் அவரே சொன்னார். அதையும் எழுதும்படி சொன்னார்.

மயிலாப்பூரில் ஒரு வீடு. சுண்ணாம்புச் சுவரில் அடியில் ஓதம் ஏறிப் பூச்சு உதிர்ந்து கொண்டிருந்தது. காண்டிராக்டர் பழைய காரையைத் தட்டிவிட்டுச் சிமெண்டால் பூசி, பெயிண்டும் அடித்து விட்டார். சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது. காலை வெயில் ஜன்னல் வழியாக விழும் நேரம் பார்த்து, குத்துவிளக்கு ஒன்றையும் ஓரமாக வைத்து, போட்டோம்மா ஒரு படம் எடுத்தார். இடது பக்கம் 'முன்பு', வலது பக்கம் 'பின்பு'. பார்த்தவர்கள் எல்லாரும் மயங்கினார்கள். அந்தப் படத்தைக் காட்டியே காண்டிராக்டர் வேறு இரண்டு வீடுகளில் வேலை பிடித்து விட்டார்.

ஐப்பசி மழை வந்தது. சுண்ணாம்புப் பூச்சானால் சுவரில் ஏறிய ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். சிமெண்டு விடாது, கதவைச் சாத்திக் கொள்ளும். உள்ளே மாட்டிக் கொண்ட ஈரம் இன்னும் மேலே ஏறியது. முன்பு முழங்கால் உயரத்தில் இருந்த உப்பு இடுப்பு உயரத்தில் பூத்தது. பெயிண்ட் அப்பளம் மாதிரி பொரிந்தது. வீட்டுக்கார மாமி போன் செய்து, "ஏம்மா, உன் போட்டோவிலே மட்டும் எங்காத்துச் சுவர் நன்னா இருக்கு. அதுக்குள்ளேயே குடிவந்துடட்டுமா?" என்று கேட்டாராம்.

"அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கல்யாணத்தில் அழுத பெண்ணைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்துப் பழக்கம். சுவரையும் அப்படியே செய்து விட்டேன்" என்றார். மறுநாளே போய், வெயில் இல்லாமல், குத்துவிளக்கு இல்லாமல், அதே இடத்தில் நின்று அந்தச் சுவரைப் படம் எடுத்தார். காண்டிராக்டரிடமும் வேலை பிடித்துக் கொடுத்த அந்த இரண்டு வீடுகளிலும் காட்டினார். ஒரு வீட்டில் வேலையை நிறுத்திச் சுண்ணாம்புக்கு மாற்றினார்கள். இன்னொரு வீட்டில் அதற்குள் பூசி முடித்தாகி விட்டது. காண்டிராக்டர் இப்பொழுது இவருடன் பேசுவதில்லை. அதிலிருந்து 'முன்பு', 'பின்பு' ஆகிய இரண்டு படங்களோடு 'ஒரு மழைக்குப் பின்பு' என்று மூன்றாவது படமும் எடுத்த பிறகுதான் யாருக்கும் காட்டுகிறார். வீடு ரிப்பேருக்கு ஆள் தேடும் சகோதரிகள் அந்த மூன்றாவது படத்தைக் கேட்டுப் பாருங்கள். கேட்டவுடன் சிலர் முகம் போகும் போக்கே போதும்.

சமையலறைக்கு அவர் வைத்திருக்கும் முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. உடைப்பதற்கு முன் ஒரு நாள் முழுவதும் சமையலறை மூலையில் நின்று, வீட்டு அம்மாள் வேலை செய்வதைப் படம் எடுக்கிறார். பொடவையைச் சரி செய்து கொள்ளவோ மேடையைத் துடைத்து வைக்கவோ விடுவதில்லை. ஒரு வீட்டில் அந்த அம்மாள் காலை டிபனுக்குள் கடுகு டப்பாவுக்காக எத்தனை தடவை எட்டி நிற்கிறார், புளி ஜாடிக்காக எத்தனை தடவை குனிகிறார் என்பது படம் படமாக விழுந்து விட்டது. அதுவரை மாடர்ன் கிச்சன், பளபளப்பான அலமாரி என்று பேசிக் கொண்டிருந்த வீட்டுக்காரர் படங்களைப் பார்த்து விட்டு, "இதை நீ சொல்லவே இல்லையே?" என்றாராம். "பத்து வருஷமாகச் சொல்லிக் கொண்டிருக்கிறேன்" என்றார் அம்மாள். மேடை இரண்டு அங்குலம் உயர்ந்தது. கடுகு டப்பா கைக்கு இறங்கி வந்தது.

நம்மிடம் பெரிய காமிரா வேண்டாம், போன் போதும். சுவரை வெட்டிக் குழாயும் ஒயரும் பதித்த பிறகு, பூசி மூடுவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் நேராக நின்று ஒரு படம் எடுத்து விடுங்கள். தரையிலிருந்து எத்தனை உயரம், மூலையிலிருந்து எத்தனை தூரம் என்று தெரியும்படி அளவு டேப்பை நீட்டிப் பிடித்து எடுக்க வேண்டும். எந்த அறை, எந்தத் திசைச் சுவர் என்று சிலேட்டில் எழுதி, அதையும் படத்துக்குள் வைத்து விடுங்கள். ஒரு பிரதியைக் காகிதத்தில் அச்சிட்டு வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். போன் தொலைந்து போகும். என் வீட்டில் இதைச் செய்யவில்லை. குளியலறையில் டவல் ஸ்டாண்டு மாட்ட வந்த தச்சர் துளை போட்டார். சுவரிலிருந்து கங்கை புறப்பட்டது. மூடு வால்வு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மேலே எழுதுவானேன்?

திருவல்லிக்கேணி வீட்டுப் படங்களைப் பெரிய ஆல்பமாகப் போட்டு வைத்திருக்கிறார். புரட்டிப் பார்த்தேன். இந்த மாதிரிப் படங்களில் வழக்கமாக வேலை செய்தவர்களே இருக்க மாட்டார்கள். சுவர் தானே எழும்பியது போல இருக்கும். இதில் தளம் அடித்த ஆறு சித்தாள் பெண்களும் இருக்கிறார்கள். படத்துக்குக் கீழே பெயரும் ஊரும் இருக்கின்றன. அவர்களில் மூத்தவள், வேலை முடிந்த அன்று போட்டோம்மாவிடம் வந்து, "எல்லாப் படத்திலேயும் தலையிலே கூடையோட இருக்கேன். கூடை இல்லாம ஒண்ணு எடும்மா" என்றாளாம். தான் அடித்த தளத்தின் மேலேயே அவளை நிற்க வைத்து, தலையை வாரிப் பூ வைத்துக் கொள்ளச் சொல்லி எடுத்திருக்கிறார். சட்டம் போட்டு அவளுக்கு ஒரு பிரதியும் கொடுத்தார்.

படம் அவள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. மழைக்காலம் வந்தால் மட்டும் அதைக் கழற்றி, துணியில் சுற்றி, டிரங்குப் பெட்டிக்குள் வைத்து விடுவாளாம்.