இருமுகிறான் உழைப்பாளி!

தோழர்களே! தஞ்சைத் தரணியில், நடவு வயலின் வரப்பிலே, நெல்மூட்டை சுமக்கும் கொள்முதல் நிலையத்திலே, தேநீர்க் கடை பெஞ்சிலே நாம் நாள்தோறும் கேட்பது என்ன? இருமல்! “பீடி இருமல்தானே, பிறகு பார்க்கலாம்” என்கிறான் உழைப்பாளி. அந்தப் ‘பிறகு’தான் பல வீடுகளில் சங்கு ஊத வைக்கிறது.

புகையிலையின் கொடுமையை நமக்கு வேறெவரும் விளக்க வேண்டுமா? பேரறிஞர் அண்ணாவுக்குப் புகையிலைப் பழக்கம் இருந்தது. உணவுக்குழாயில் புற்று கண்டது. 1968-இல் நியூயார்க்கில் அறுவை சிகிச்சை நடந்தும், 1969 பிப்ரவரி 3-ஆம் நாள், அறுபது வயதை எட்டுமுன்பே, அவரை இழந்து அழுதோம். அதே புகையிலை பீடியாகிப் புகையும்போது நுரையீரலைத் தின்கிறது.

சிகரெட்தான் கேடு, பீடி சாது என்பது ஏமாற்று. பீடி அணையாதிருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க நஞ்சு இறங்கும்.

ஆபத்து யாருக்கு அதிகம்? நெடுங்காலம் புகைத்தவருக்கு, கல்நார்த் தூளிலும் கல்லுடைக்கும் தூசியிலும் உழைத்தவருக்கு, குடும்பத்தில் இந்நோய் கண்டவருக்கு. பீடியைத் தொட்டறியாத தாய்மாரையும் விறகடுப்புப் புகையும் வீட்டார் விடும் புகையும் விட்டுவைப்பதில்லை.

நோய் முற்றுமுன் கண்டுபிடிக்க வழியில்லையா? உண்டு! குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன். அமெரிக்காவில் கடும் புகைப்பழக்கம் உடைய 53,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2011-இல் வெளிவந்தது. மார்பு எக்ஸ்ரே எடுத்தவரைவிட, இந்த ஸ்கேன் எடுத்தவரிடையே நுரையீரல் புற்றுநோய்ச் சாவு நூற்றுக்கு 20 குறைந்தது.

இங்கே நிலை என்ன? மைய அரசு 2016-இல் வகுத்த சோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பை வாய் என மூன்று புற்றுகளையே எடுத்துக்கொண்டது. நுரையீரல் எங்கே? நெடுநாள் இருமலோடு வருபவனுக்குக் காசநோய் என்று மாத்திரை தந்து, மாதங்கள் வீணாவதும் நடக்கிறது.

ஊரையே ஸ்கேனுக்குள் தள்ளுங்கள் என்று நாம் கேட்கவில்லை. பழைய காசநோய்த் தழும்பு மலிந்த நாட்டில் அது வீண் பீதியைக் கிளப்பும். ஐம்பதைக் கடந்தவர், நாளொன்றுக்கு இருபது வீதம் இருபது ஆண்டு புகைத்தவர் ஆகியோரிடம் தொடங்குக! 2021-இல் பிறந்த மக்களைத் தேடி மருத்துவம், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வாசற்படி ஏறி வந்தது. அதே வாசலில், “எத்தனை ஆண்டாகப் புகைக்கிறீர்கள்?” என்ற ஒரு கேள்வியையும் கேட்கட்டும். தஞ்சை மருத்துவக் கல்லூரியும், 2010-இல் தோன்றிய திருவாரூர் மருத்துவக் கல்லூரியும் இப்பணிக்கு வழிகாட்டட்டும்.

கழகத் தோழனே, உனக்கும் வேலை உண்டு. முதலில் உன் பீடிக்கட்டை வீசு. எந்த வயதில் விட்டாலும் ஆபத்து குறையும். மூன்று வாரம் இருமுபவனை, சளியில் இரத்தம் கண்டவனை, காரணமின்றி இளைத்தவனைக் கையோடு அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல். காசநோய் இல்லை என்று சொன்னால், “அப்படியானால் என்ன?” என்று துணிந்து கேள்.

உரிமைக்கு முழக்கமிடும் மார்பு, மூச்சுக்குத் தவிக்கக் கூடாது!