கால் ஆணி என்று விட்டுவிடாதீர்கள்

தோல் புற்றுநோய் என்றால் வெள்ளைக்காரர்களுக்கு வெயிலில் வருவது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அதில் பாதி உண்மை. நம் தோலில் இருக்கும் மெலனின் புற ஊதாக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. அதனால்தான் மரக்காணம் உப்பளத்தில் நாளெல்லாம் நிற்பவருக்கும், முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு வெட்டுபவருக்கும், ஆஸ்திரேலியாவில் வருகிற அளவுக்கு இந்த நோய் வருவதில்லை. ஆனால் வரும்போது, நாம் பார்க்காத இடத்தில் வருகிறது.

ஒன்று, பழைய தழும்பு. சின்ன வயதில் அடுப்பு சுட்ட காயம், வருஷக்கணக்கில் ஆறாத கால்புண், தொழுநோயால் மரத்துப்போன பாதத்தின் புண் என எதுவாகவும் இருக்கலாம். பல ஆண்டு கழித்து அதன் ஓரம் தடிக்கும், சதை வளரும், தொட்டால் ரத்தம் கசியும். இதற்கு மார்ஜொலின் புண் என்று பெயர். 1828இல் தழும்புப் புண்களைப் பற்றி எழுதிய பிரெஞ்சு மருத்துவரின் பெயர் அது. அவரே அதைப் புற்று என்று கண்டுகொள்ளவில்லை.

இன்னொன்று, உள்ளங்காலிலும் நக அடியிலும் வரும் மெலனோமா என்ற தோல் புற்று. இதற்கும் வெயிலுக்கும் பெரிய சம்பந்தமில்லை. ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் கட்டைவிரல் நகத்தடியில் இது கண்டுபிடிக்கப்பட்டது. 1981இல் இறந்தபோது அவருக்கு வயது 36.

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் முதுகு அரிப்புக்காகத் திண்டிவனத்தில் தோல் டாக்டரிடம் போனார். துணைக்கு நானும் போனேன். நிலத்தில் பார்த்தீனியம் பிடுங்கி வந்த அரிப்பு. மருந்தெழுதிவிட்டு, "செருப்பைக் கழட்டுங்க ஐயா" என்றார் டாக்டர்.

"உங்க முன்னால எப்படிம்மா காலை நீட்டறது?"

"பரவாயில்ல, நீட்டுங்க."

குதிகாலில் கறுப்பாக, ஓரம் கோணல்மாணலாக ஒரு திட்டு. "அது ஆணிம்மா. பிளேடால சீவிட்டுத்தான் இருக்கேன்." பயாப்சியில் மெலனோமா என்று வந்தது. நெறிக்கட்டுகளுக்குப் பரவியிருக்கவில்லை. அறுவை சிகிச்சையோடு போயிற்று.

இப்படிப்பட்ட புற்றைக் கண்டுபிடிக்கக் காலம் தாழ்வதற்கு மெடிக்கல் ஷாப் களிம்பும் ஒரு காரணம். படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த டியூபைத் தடவினால் இரண்டு நாள் அரிப்பு அடங்கும், பிறகு இரண்டு மடங்காகப் படரும். பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு உத்தரவிட்டது. இன்றும் டியூபின் நிறத்தைச் சொன்னால் கொடுக்கும் கடைகள் உண்டு. அதே டியூபை ஆறாத புண்ணுக்கும் போட்டுப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு மாதமாகியும் ஆறாத புண், தடித்துவரும் தழும்பு, பாதத்தில் பெரிதாகும் கறுப்புத் திட்டு, நகத்தில் அகலமாகும் கறுப்புக் கோடு: இவற்றில் எது இருந்தாலும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ போய்க் காட்டிவிடுங்கள். அங்கே பயாப்சி என்பார்கள். மரத்துப்போக ஊசி போட்டுத் துளி சதை எடுப்பார்கள், அவ்வளவுதான். கத்தி பட்டால் பரவிவிடும் என்று யாராவது பயமுறுத்தி வீட்டுக்கு அழைத்தால் கேட்காதீர்கள். பரவுவதற்கு நாம் கொடுக்கும் அவகாசம் அதுதான்.