அது பேய் இல்ல பாஸ்!

இந்த வாரம் கொஞ்சம் சீரியஸ் மேட்டர். லீவுக்கு ஊருக்குக் கிளம்புற டெல்டா பசங்க கண்டிப்பா படிச்சிட்டு பஸ் ஏறுங்க.

நம்ம பக்கம் குடியை நிறுத்த ரெண்டு வழி ரொம்ப ஃபேமஸ். ஒண்ணு, கார்த்திகையில ஐயப்பனுக்கு மாலை போடுறது. இன்னொண்ணு, 'இனிமே தொட மாட்டேன்'னு கோயில்ல கயிறு கட்டிக்கிறது. பல வருஷமா தினமும் குடிச்ச மனுஷர் ஒரே நாள்ல நிறுத்திடுவார். வீடே சந்தோஷப்படும். மூணாம் நாள் ராத்திரி பார்த்தா கை கால் நடுங்கும், வேர்த்துக் கொட்டும், 'சுவத்துல பாம்பு ஊருது'ன்னு அலறுவார். பெத்த பிள்ளையையே அடையாளம் தெரியாது. உடனே யாராவது 'காத்து கருப்பு அடிச்சிருச்சு'ன்னு வேப்பிலையோட வந்துடுவாங்க.

பேயும் இல்ல, சாமி குத்தமும் இல்ல. அதுக்குப் பேர் 'டெலிரியம் ட்ரெமன்ஸ்'. வைத்தியம் பார்க்காம விட்டா உயிரே போகலாம்!

மெக்கானிக்கல் பாஷையில சொல்றேன். ஆல்கஹால் மூளைக்கு பிரேக். தினமும் பிரேக்கை மிதிச்சா, வண்டியை ஓட்ட மூளை ஆக்ஸிலரேட்டரை இன்னும் அழுத்தப் பழகிடும். திடீர்னு பிரேக்கிலேர்ந்து காலை எடுத்தா? வண்டி தறிகெட்டுப் பாயும். அந்தப் பாய்ச்சல்தான் நடுக்கம்.

இதுக்கு டைம்டேபிளே இருக்கு. கடைசியா குடிச்சு 6-8 மணி நேரத்துல நடுக்கம், வியர்வை, குமட்டல் ஆரம்பிக்கும். 48 மணி நேரத்துக்குள்ள சிலருக்கு வலிப்பு வரலாம். டெலிரியம் வர்றது பெரும்பாலும் 48-லேர்ந்து 96 மணி நேரத்துல. எல்லாருக்கும் இவ்வளவு தூரம் போகாது. பலருக்கு ஒரு வாரத்துல அடங்கிடும். ஆனா தினமும் நிறைய குடிக்கிறவர், காலையில கை நடுங்குறவர், முன்னாடி வலிப்பு வந்தவர்... இவங்க வீட்டுல தனியா நிறுத்தவே கூடாது.

ஆஸ்பத்திரியில என்ன பண்ணுவாங்க? டயஸெபாம் மாதிரி மருந்து கொடுத்து, சில நாள்ல படிப்படியா குறைப்பாங்க. கூடவே தயமின், அதாவது வைட்டமின் பி1 ஊசி. 'ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க, சரியாயிடும்'னு நாமளே கேட்போம் இல்லையா? பி1 குறைஞ்ச உடம்புக்கு வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏறினா மூளை பாதிக்கலாம். அதனால குடிப்பழக்கத்தை டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. மெடிக்கல் ஷாப்புல நீங்களே மாத்திரை வாங்கவும் வேண்டாம், அதுவே இன்னொரு அடிமைத்தனம் ஆயிடும். சாம்பார்ல தெரியாம மருந்து கலக்குற ஐடியாவும் வேண்டவே வேண்டாம். டைசல்ஃபிரம் உள்ளே போனது தெரியாம அவர் குடிச்சா, பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்து.

'இதெல்லாம் சிட்டிக்குத்தான் சரிப்படும்'னு நினைக்கிறீங்களா? குடவாசல் பக்கத்து மஞ்சக்குடியைக் கேளுங்க! கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-ல சென்னையில டி.டி.கே. ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். 1989-ல, அப்போ தஞ்சாவூர் மாவட்டத்துல இருந்த மஞ்சக்குடிக்கே அந்த டீம் வந்து கேம்ப் போட்டாங்க. முதல்ல உடம்புக்கு மருந்து, அப்புறம் கவுன்சலிங், மனைவி மக்களுக்கும் தனி கிளாஸ், வீட்டுக்குப் போன பிறகும் தொடர்ந்து கவனிப்பு. 'மஞ்சக்குடி அனுபவம்' 1994-ல 'அடிக்‌ஷன்'ங்கிற சர்வதேச மருத்துவ இதழ்லயே வந்துச்சு. நம்ம கிராமத்துப் பேர் பாஸ்!

அங்கே உள்ள பாடம் இதுதான். உடம்பைத் தெளிய வைக்க ஒரு வாரம் போதும். மனசு தெளிய மாசக்கணக்காகும். மருந்து மட்டும் கொடுத்து அனுப்பினா பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு.

ஹாஸ்டல் பார்ட்டிகளுக்கும் ஒரு வார்த்தை. சிகரெட்டை விட்டா முதல் மூணு நாள் எரிச்சல் உச்சத்துல இருக்கும். சில வாரத்துல குறைஞ்சிடும், பயமில்லை. ஹெராயின், போதைக்காகப் போடுற வலி மாத்திரை வேற கதை. விடும்போது உடம்பு முறிக்கும், வயித்தால போகும். அதைவிடப் பெரிய ஆபத்து, விட்ட பிறகு 'ஒரே ஒரு தடவை'ன்னு பழைய அளவைப் போடுறது. உடம்பு அந்தப் பழக்கத்தை மறந்திருக்கும், மூச்சே நின்னுடலாம். 'ட்ரீட்மென்ட்டுக்குப் போனா போலீஸ் கேஸ் ஆயிடுமோ?'ன்னு பயமா? சின்ன அளவு, சொந்த உபயோகம்னா, தானா அரசு அங்கீகாரம் பெற்ற மையத்துக்கு சிகிச்சைக்கு வர்றவங்களுக்கு போதைப்பொருள் சட்டத்தோட 64ஏ பிரிவு பாதுகாப்பு தருது.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. போன்ல கேட்கணும்னா போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416. ரெண்டுமே இலவசம்.

அப்பாவோ, மாமாவோ, ரூம்மேட்டோ 'நாளையிலேர்ந்து தொட மாட்டேன்'னு சொன்னா கிண்டல் பண்ணாதீங்க. 'தினமும் குடிக்கிறீங்களா, காலையில கை நடுங்குதா, எப்பவாவது வலிப்பு வந்துச்சா?'ன்னு மூணு கேள்வி கேளுங்க. ஒண்ணுக்கு 'ஆமா' வந்தாலும், நிறுத்துறதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. மாலை போடுறதா இருந்தா, டாக்டரைப் பார்த்துட்டு வந்து தாராளமா போடட்டும்!